ஜெனரேட்டருக்குப் பிடித்த குடை

ஹட்டனிலிருந்து லிந்துலைக்குப் போகிற பஸ். நான் அடுத்தவர் பேச்சை ஒட்டுக்கேட்கிற ஆள் இல்லை. முன் சீட்டில் அக்காவும் தங்கச்சியும் சத்தமாகப் பேசினால் காதில் விழத்தான் செய்யும்.

"நான் போகாத கச்சேரி இல்ல. ஆனா ஒரு பாட்டுக்காரி மூஞ்சியும் பாத்ததில்ல," என்றாள் மூத்தவள்.

"எப்பிடிப் பாப்ப? மச்சான் ஜெனரேட்டர் ஓட்டுறாரு. நீ மேடைக்குப் பின்னால அதுக்குக் குடை புடிச்சுக்கிட்டு நிப்ப."

"பூண்டுலோயா திருவிழாக் கச்சேரிதான் நல்லா இருந்துச்சு. மழையே இல்ல. குடைய மடக்கிட்டு ரெண்டு பாட்டு ஒழுங்கா கேட்டேன்."

"இன்னைக்கு முன்னுக்கு உக்காரு. ஒம் மக பாடுறால்ல."

"மொதப் பாட்டே அவதான். இந்த பஸ் என்னா இப்பிடி ஊருது?"

எழுந்தாள், உட்கார்ந்தாள், ஜன்னல் கண்ணாடியைத் துடைத்தாள். தலவாக்கலையில் ஆள் ஏற்ற நிறுத்திய கண்டக்டரையும் ஏசினாள்.

லிந்துலையில் மைதானத்துப் பக்கம் இறங்கினார்கள். நானும் அங்கேதான் இறங்கினேன். நல்ல மழை. ஜெனரேட்டர் சத்தம் கேட்டதும் மூத்தவள் குடையை விரித்துக்கொண்டு நேரே மேடைக்குப் பின்னால் நடந்தாள்.

"அக்கா, எங்க போற?"

"மழை பேயுதே. அவரு தனியா என்னா செய்வாரு?"

மைக்கில் ஒரு பிள்ளை பாட ஆரம்பித்தது. தங்கச்சி ஓடிப்போய்க் குடையைப் பிடுங்கினாள்.

"இத நான் புடிக்கிறேன். நீ போயி ஒம் மகளப் பாரு."

"கொஞ்சம் சாச்சுப் புடி. பொகை பைப்புக்குள்ள தண்ணி போயிரும்," என்று திரும்பித் திரும்பிச் சொல்லிக்கொண்டே மூத்தவள் நனைந்தபடி முன்னுக்கு ஓடினாள்.