அந்தப் பாட்டு எனக்காக எழுதப்பட்டது

எனக்கு ரொக் பாட்டுகள் பிடிக்காது, ஐயா. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. வீட்டில் கிற்றார் சத்தம் கேட்டால் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கிற ஆள் நான். என் மகன் கிஷாந்தன் அதை வைத்தே என்னைச் சீண்டுவான். "தேவாரத்துக்கு அங்கால உங்களுக்கு ஒண்டும் ஏறாதம்மா" என்பான். உண்மைதான். இப்போதும் ஒரேயொரு பாட்டைத் தவிர வேறெதையும் என்னால் முழுதாகக் கேட்க முடிவதில்லை.

அந்த ஒரு பாட்டைப் பற்றித்தான் பேச வந்தேன். அதை எழுதிய ரமேஸின் சாவைப் பற்றி ஊரில் கண்டபடி கதைக்கிறார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். பாட்டைப் பற்றிக் கதைப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. அதனால்தான் நீங்கள் கூப்பிடாமலே நானாக இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு வந்தேன்.

என் பெயர் லீலாதேவி. பதுளை பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு பாமசியில் மருந்து கொடுக்கிறேன். என் கணவர் யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே அரசாங்க அதிபரின் கச்சேரி அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்தவர். அவர் காலமான பிறகும் நான் திரும்பிப் போகவில்லை. கிஷாந்தனுக்கு இந்த மலைதான் ஊராகிவிட்டது, அவனைப் பிடுங்கிக்கொண்டு எங்கே போவது? பள்ளிக்கூடத்தில் ஏ.எல் படிக்கும்போது அவனுக்கு ரமேஸ் சிநேகிதம் ஆனான். ரமேஸ் தெமோதரைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. இரண்டு பேரும் இன்னும் சிலரோடு சேர்ந்து ஒரு இசைக்குழு தொடங்கினார்கள். ரமேஸ் பிறந்து வளர்ந்த லயத்தின், அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளின், பெயரையே அதற்கு வைத்தார்கள்: 'ஏழாம் லயம்'. ரமேஸ் எழுதிப் பாடுவான், என் மகன் கிற்றார் வாசிப்பான். பயிற்சி எல்லாம் எங்கள் வீட்டில். நான் ரொட்டி சுட்டுப் போட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வேன்.

போன வருஷத்து மழையில் கிஷாந்தனுக்குக் காய்ச்சல் வந்தது. பாமசியில் வேலை செய்கிறவள் மகனுக்குக் குளிசை வாங்க வேறு யாரிடம் போவாள்? நானே கொடுத்தேன். உடம்பெல்லாம் நோகுது என்று முனகினான், அதற்கும் ஒரு குளிசை கொடுத்தேன். அது டெங்கு என்று எனக்கு எப்படித் தெரியும்? இரத்தம் பார்க்காமல் அந்த நோக்குளிசையைப் போடக் கூடாது, டெங்கு என்றால் ஆளையே கொண்டுபோய்விடும் என்று கடைக்கு வருகிற எல்லோருக்கும் சொல்லுகிறவள் நான்தான். ஆனால் பிள்ளை முனகும்போது கடையில் நிற்கிற புத்தி வீட்டுக்கு வருவதில்லை.

ஆஸ்பத்திரி வாட்டில் டொக்டர் ஆங்கிலத்தில் என்னைக் கேட்டார், இவனுக்கு இந்தக் குளிசையைக் கொடுத்தது யார் என்று. தெரியாது என்றேன். கட்டிலுக்கு அந்தப் பக்கம் ரமேஸ் கையில் செவ்விளநீரோடு நின்றான். அவன் என்னைப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. அன்று பின்னேரம் பிள்ளை போய்விட்டான்.

நெஞ்சு வெடித்துவிடும் என்பார்கள். வெடிக்கவில்லை. எட்டுச் செலவுச் சடங்கெல்லாம் முடிந்ததும் கடைக்குப் போய் மற்றவர்களின் பிள்ளைகளுக்குக் குளிசை எண்ணிக் கொடுத்தேன்.

சில மாதம் கழித்து அந்தப் பாட்டு வந்தது. பெயர் 'பெரட்டு'. தோட்டத்தில் விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவதைத்தான் பெரட்டு என்பார்கள். எங்கள் கடைக்குப் பக்கத்தில் போன் திருத்துகிற றிகாஸ், "அன்ரி, இதக் கேட்டீங்களா?" என்று தன் போனை என் காதுக்குக் கிட்டப் பிடித்தான்.

*வெள்ளனப் பெரட்டுல ஒன் பேரக் கூப்பிட்டாங்க*
*எங்கேன்னு கேட்டாங்க, நான் ஒண்ணும் சொல்லல*
*ஒன் எடத்துல நான் நின்னேன்*
*ஒன் பேருக்கு நான் இருக்கேன்னேன்*

இருமல் மருந்துப் பெட்டியின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நீங்களே சொல்லுங்கள், அதற்கு வேறு என்ன பொருள் இருக்க முடியும்? டொக்டர் கேட்டார், அவன் ஒன்றும் சொல்லவில்லை. இனியும் சொல்லமாட்டான். கிஷாந்தன் இருந்த இடத்தில் அவன் நிற்பான். எல்லாம் தெரிந்த ஒருவன் என்னை மன்னித்துவிட்டு, எனக்குப் பிள்ளையாக இருக்கிறேன் என்று ஊரறியப் பாடியிருக்கிறான். மகன் போன பிறகு அன்றுதான் முதல்முறையாக வாய்விட்டு அழுதேன்.

அந்தப் பாட்டுக்கு ரசிகர்கள் ஏராளம். ஞாயிற்றுக்கிழமைகளில் றிகாஸின் கடைக்கு மேலே கூடி, வரி வரியாகப் பொருள் பிரிப்பார்கள். முகநூலிலும் ஒரு குழு வைத்திருந்தார்கள். மண்சரிவில் போனவர்களுக்காக எழுதியது என்பான் றிகாஸ். புடவைக் கடைக்காரரின் மகள் ஷம்ரா, இது பிரிந்துபோன காதலனைப் பற்றியது என்று அடித்துச் சொல்வாள். அவளுடைய ஆள் யாரோ கட்டாரில் இருக்கிறான் போலிருக்கிறது. மொனராகலையிலிருந்து ஒருவர் இது தொழிற்சங்கங்களைச் சாடும் பாட்டு என்று முழ நீளத்துக்கு எழுதுவார், அதை ஒருவரும் வாசிக்கமாட்டார்கள்.

ஒருநாள் நானும் மாடிக்கு ஏறிப் போனேன். இது என் மகனுக்காக எழுதப்பட்டது என்றேன். எழுந்து எனக்குக் கதிரை தந்தார்கள். குளிசை விஷயத்தை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் வரி வரியாக விளக்கினேன். ஷம்ரா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். றிகாஸ் முகநூல் குழுவில் பாட்டின் வீடியோவுக்குக் கீழே 'கிஷாந்தன் அண்ணாவின் நினைவாக' என்று எழுதி, என் மகனின் படத்தையும் போட்டான். அதன் பிறகு வேறு பொருளுக்கு அங்கே இடமிருக்கவில்லை. பெற்றவள் வந்து சொன்ன பிறகு யார்தான் மறுத்துப் பேசுவார்கள்? லுணுகலைப் பக்கத்துத் தோட்டத்துப் பெண்ணொருத்தி மட்டும், "இது ஆள் மாறி நிக்கிறதப் பத்தின பாட்டுங்க, எங்க பெரட்டுல நடக்குறதுதான்" என்று எழுதியிருந்தாள். அழித்துவிடச் சொன்னேன், றிகாஸ் அழித்துவிட்டான்.

ரமேஸிடம் நான் பொருள் கேட்டதில்லை. தேவைப்படவில்லை. அவன் வருவான், சாப்பிடுவான், "அம்மா" என்பான். கிஷாந்தனின் சேட்டுகளை அவனுக்குக் கொடுத்தேன். தோள் கொஞ்சம் தொங்கியது, பிரித்துத் தைத்து அளவாக்கினேன். அவனுக்கு அந்தச் சேட்டுகள் எவ்வளவு பொருந்தின என்று நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

நகர மண்டபத்தில் அவர்களுடைய கச்சேரி நடக்க இருந்ததற்கு முதல்நாள் பின்னேரம் அவன் வீட்டுக்கு வந்தான். தொண்டை கட்டியிருந்தது. நான் கொத்தமல்லி அவிய வைத்துவிட்டு வந்து அவனுக்கு எதிரே உட்கார்ந்தேன்.

"அம்மா, நாளைக்கி மேடையில எங்கக்காவக் கூப்பிடப் போறேன்" என்றான். "பெரட்டு பாட்டு அக்காவுக்குத்தான் எழுதுனேன். ஊரெல்லாம் கிஷாந்தனுக்குன்னு சொல்றாங்க. ஒங்க மனசு நோகுமேன்னுதான் இவ்வளவு நாளும் பேசாம இருந்துட்டேன்."

அவனுடைய தாய் அவன் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனவள். வேலைக்கு வராத ஆளின் பேரைத் தோட்டத்தில் வெட்டிவிடுவார்கள். பேர் போனால் லயத்து வீடும் போய்விடும். அதனால் அவனுடைய அக்கா துஷாந்தினி பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுப் பெரட்டில் போய்த் தாயின் பேருக்கு நின்றிருக்கிறாள். உன் அம்மா எங்கே என்று கங்காணி கேட்டால் ஒன்றும் சொல்லமாட்டாளாம். தாயின் பேரைக் கூப்பிட்டதும் "இருக்கேங்க" என்பாளாம். கங்காணியும் பார்த்தும் பாராததுபோல விட்டுவிடுவாராம். தாய் திரும்பி வரவேயில்லை. அக்காதான் கொழுந்து பறித்து அவனை வளர்த்திருக்கிறாள்.

நல்ல கதைதான், ஐயா. கேட்கும்போது எனக்கே அந்தப் பெண்ணை நினைத்துப் பாவமாக இருந்தது.

"அப்ப, வாட்டில டொக்டர் கேக்கேக்க நீர் ஒண்டும் சொல்லேல்லையே, தம்பி?" என்று கேட்டேன்.

"என்னா கேட்டாரு? அவரு இங்கிலீசுல பேசுனாரு. எனக்கு ஒண்ணும் வெளங்கலியேம்மா."

அவனுக்குத் தெரிந்திருக்கவே இல்லை. ஒன்றுமே தெரியாத பிள்ளையின் முகத்தில், எல்லாம் தெரிந்த ஒருவனை இவ்வளவு மாதமும் நான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். குளிசை விஷயத்தை அப்போது அவனிடம் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. வேறு யாரிடமும் சொன்னதில்லை.

அவன் என் கையைப் பிடித்து, "தெரியாமக் குடுத்ததுதானேம்மா. பெத்தவங்க வேணும்னே செய்வாங்களா? அழுவாதீங்க" என்றான். அப்போது அவனுடைய போனில் ஏதோ தகவல் வந்தது. குனிந்து பார்த்துச் சிரித்தான்.

நான் அழவில்லை. அவன் சொன்னது நல்ல வார்த்தைதான் என்று நீங்கள் சொல்வீர்கள். ஆனால் மேசையில் சிந்திய தேத்தண்ணியைத் துடைப்பதுபோல அதை அவன் துடைத்துவிட்டான். பாட்டில் இருந்தவன் அப்படியில்லை. அவன் எல்லாவற்றையும் தெரிந்துகொண்டு, மாதக்கணக்காக அதைச் சுமந்துகொண்டு, என்னை விட்டுப் போகாமல் நின்றவன். அவனுடைய மன்னிப்புத்தான் எனக்கு வேண்டியிருந்தது. கதிரையில் இருந்து போனைப் பார்த்துச் சிரிக்கிற இந்தப் பிள்ளையிடம் அது இல்லை.

உண்மை தெரிந்துவிட்டது, வெளியே சொல்லிவிடுவான் என்று பயந்து செய்தேனா என்று கேட்டீர்கள். இல்லை. ரமேஸ் சொல்லியிருக்கமாட்டான், அவன் நல்ல பிள்ளை. நான் நினைத்தது கிஷாந்தனைத்தான். மறுநாள் அக்காவை மேடையில் ஏற்றியிருப்பான். மண்டபமே எழுந்து நின்று கைதட்டியிருக்கும். றிகாஸ் அன்றே என் பிள்ளையின் பேரையும் படத்தையும் எடுத்திருப்பான். கிஷாந்தன் ஒருமுறை செத்தது போதும் என்று நினைத்தேன். இரண்டாவது முறையும் அவனைக் கொடுத்துவிட்டு நான் எப்படி இருப்பது?

அடுப்படிக்குப் போனேன். கொத்தமல்லி நன்றாக அவிந்திருந்தது. வீட்டில் இருந்த மருந்துகளில் எதைப் போட்டேன் என்று உங்கள் டொக்டரிடம் சொல்லிவிட்டேன். இந்தமுறை டொக்டர் கேட்டபோது தெரியாது என்று சொல்லவில்லை, அதைக் கவனித்திருப்பீர்கள். கசப்புத் தெரியாமல் இருக்கச் சீனியும் அள்ளிப் போட்டேன்.

"குடி ராசா, ஆறப்போகுது" என்றேன்.

குடித்தான். கொஞ்ச நேரத்தில் தூக்கம் வருகிறது என்றான். கிஷாந்தனின் கட்டிலில் படுக்க வைத்துப் போர்த்திவிட்டேன். கிஷாந்தனுக்கு ஆஸ்பத்திரியில் அப்படிப் பக்கத்தில் இருக்க என்னை விடவில்லை, வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். இவனுக்கு முடியும்வரை இருந்தேன்.

விடிந்ததும் படுத்தவன் எழும்பவில்லை என்று அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டு அழுதேன். அந்த அழுகை நடிப்பில்லை. கச்சேரி நடக்கவில்லை. பிள்ளைகள் எல்லோரும் மண்டப வாசலில் மெழுகுதிரி ஏற்றி அந்தப் பாட்டைப் பாடினார்கள். ஷம்ரா என்னை அணைத்துக்கொண்டு நின்றாள். அன்று ஒருநாள் மட்டும் இரண்டு பிள்ளைகளும் எனக்கே என்று இருந்தது. நிம்மதியாக இருந்தது என்று சொன்னால் என்னைத் தவறாக நினைப்பீர்கள். ஆனாலும் அதுதான் உண்மை.

அது நிலைக்கவில்லை. ரமேஸ் தன் சாவை முன்பே தெரிந்து எழுதிய பாட்டு அது என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். விடியலில் பேர் கூப்பிடுவது எமன் என்றார்கள். அழகான விளக்கம் என்று எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். கடையைத் திறக்கப் போகும்போது போனில் பார்க்கிறேன், வீடியோவுக்குக் கீழே கிஷாந்தனின் படம் இருந்த இடத்தில் ரமேஸின் படம். என் மகனின் பேர் எங்கேயும் இல்லை. றிகாஸிடம் கேட்டேன். "பாட்டு எல்லாருக்கும் பொதுதானே, அன்ரி" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, ஒரு போனைத் திருத்தக் குனிந்துகொண்டான்.

அதனால்தான் வந்தேன், ஐயா. அவன் ஒன்றையும் முன்பே அறிந்து எழுதவில்லை. எமன் யாரும் வரவில்லை. நான்தான் கொடுத்தேன், தெரிந்துதான் கொடுத்தேன். இதை நீங்கள் வெளியே சொல்ல வேண்டும். சொன்னால் பாட்டை அதன் சொந்தப் பொருளுக்கே விட்டுவிடுவார்கள்.

துஷாந்தினி வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருக்கிறாள் என்று இந்தப் பெண் பொலிஸ் சொன்னார். என்னோடு சண்டை பிடிக்க வரவில்லையாம். தம்பி கடைசியாக என்ன சொன்னான் என்று மட்டும் கேட்டுச் சொல்லும்படி கெஞ்சுகிறாளாம். அவளிடம் எதையும் மறைக்க எனக்கு விருப்பமில்லை. அவன் கண்ணை மூடியபடி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, "அக்கா" என்றான். திரும்பத் திரும்ப அதைத்தான் சொன்னான். ஆனால் மயக்கத்தில் கிடக்கிற பிள்ளை சொல்வதற்கெல்லாம் பொருள் பார்க்கக் கூடாது என்று அவளிடம் சொல்லுங்கள், ஐயா.