மச்சானுக்கு இழுத்த வயர்

வைஃபை வயரை மண்ணில் புதைக்கும்போது பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டுத்தான் புதைக்க வேண்டும், ஐயா. இல்லாவிட்டால் எலி கடித்துவிடும். நான் குழாய் போட்டுத்தான் புதைத்தேன். எதையும் ஒழுங்காகச் செய்கிறவன் என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

தோட்டத்துக் கோடியில் இருப்பது பழைய கார் ஷெட். கார் போனது, மச்சான் வந்தார். என் மனைவியின் அண்ணன். பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர். ஓய்வுபெற்ற விஷயம் அவருக்கு மட்டும் தெரியாது. அவர் தும்மினால் அடுத்த தெருவில் சைக்கிளில் போகிறவன் பிரேக் பிடிப்பான். பெண் பார்க்கப் போன அன்றே, "போயும் போயும் ஒரு குமாஸ்தாவுக்கா" என்று என் காதில் விழும்படி கேட்டவர். அதையெல்லாம் நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. பேச்சோடு பேச்சாகச் சொல்கிறேன்.

ஒருமுறை நெஞ்சுவலி வந்து பிழைத்துக்கொண்டார். மறுபடி வந்தால் உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும், தாமதித்தால் ஆள் தங்க மாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்காக அவர் கழுத்தில் ஒரு பொத்தானை மாட்டினோம். அமுக்கினால் வைஃபை வழியாக என் போனில் மணி அடிக்கும். ஆனால் செல்போன் சிக்னலும் சரி, வீட்டு வைஃபையும் சரி, ஷெட்டுக்குள் நுழையவில்லை. அந்தச் சுவரைக் கட்டியவன் யானைப்படை வருமென்று பயந்திருக்க வேண்டும். "வயரெல்லாம் அந்தக் காலம், மாப்பிள்ளை" என்று மச்சான் வயரில்லாத எக்ஸ்டெண்டர் ஒன்றை வாங்கி வந்தார். அது ஒரு நிமிஷம் பேசும், ஒரு மணி நேரம் மௌனவிரதம் இருக்கும். கடைசியில் நான்தான் வீட்டு ரவுட்டரிலிருந்து ஷெட்டுவரை வயர் இழுத்து, அங்கே ஒரு பெட்டியில் சொருகினேன். பச்சை விளக்கு எரிந்தது. மச்சான் போனில் வைஃபை கோடுகள் முழுசாக நின்றன.

"பரவாயில்லையே. உருப்படியா ஒண்ணு செஞ்சிருக்கீங்க" என்றார்.

அன்று ஆரம்பித்தது மணி. ஃபேனைக் குறைக்க மணி. மூக்கின் மேலிருக்கும் கண்ணாடியைத் தேட மணி. ஜன்னலில் பூனை முறைக்கிறதென்று மணி. நெஞ்சுக்குத்தானே அந்தப் பொத்தான் என்று கேட்டேன். "சும்மாதானே இருக்கீங்க" என்றார்.

ரவுட்டரைத் தூசி தட்டும்போது ஒருநாள் தற்செயலாகத் தெரிந்துகொண்டேன். வீட்டுப் பக்கம் வயரைப் பிடுங்கினாலும் ஷெட்டில் இருக்கும் பெட்டி அணையாது. அதற்குத்தான் கரண்ட் இருக்கிறதே. பச்சை விளக்கு எரியும், கோடுகள் முழுசாக நிற்கும். ஆனால் அங்கிருந்து ஒரு முனகல்கூட வெளியே வராது. ஓர் இலாகாவையே கட்டி மேய்த்தவருக்கு இது கடைசிவரை பிடிபடவில்லை. அதன் பிறகு மதியச் சாப்பாடானதும் வயரைப் பிடுங்குவேன், ஒரு குட்டித் தூக்கம் போடுவேன், எழுந்ததும் சொருகுவேன். ஏன் வரவில்லை என்று அவர் குதித்தால், கோடு முழுசாக இருக்கிறதே, நீங்கள் சரியாக அமுக்கவில்லை போலிருக்கிறது என்பேன். மனிதர் தன் கட்டைவிரலையே சந்தேகமாகப் பார்ப்பார். அந்த முகத்தைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும், ஐயா.

நேற்று என் மனைவி தங்கை வீட்டுக்குக் கிளம்பும்போது, அண்ணனுக்குக் காலையிலிருந்து நெஞ்சு என்னவோ செய்கிறதாம், மணி அடித்தால் உடனே போய்விடுங்கள் என்றாள். சரி என்றேன். மதியம் தட்டைக் கொண்டுபோனேன். அவர் சாப்பாட்டைத் தொடவில்லை. சட்டை நனைந்திருந்தது. இடது தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு மட்டும் தூங்கிடாதீங்க, மாப்பிள்ளை."

அவர் கெஞ்சி நான் பார்த்ததில்லை. அவருக்கு அது பொருந்தவும் இல்லை. சரி மச்சான் என்று சொல்லிவிட்டு வந்தேன். வந்து வயரைப் பிடுங்கினேன். மறதி, பழக்கதோஷம் என்றெல்லாம் எழுதிவிடாதீர்கள். தெரிந்துதான் பிடுங்கினேன். ரொம்ப நாளைக்குப் பிறகு அயர்ந்து தூங்கினேன்.

எழுந்து, முகம் கழுவி, டீ போட்டுக்கொண்டு வந்துதான் சொருகினேன். அமுக்கியதையெல்லாம் அந்தப் பொத்தான் சேர்த்து வைத்துக்கொள்ளும் என்று கடைக்காரன் சொல்லவே இல்லை. எல்லாம் மொத்தமாக வந்து இறங்கின. ஒன்று ஓய்வதற்குள் அடுத்தது. எந்தெந்த நேரத்தில் அமுக்கினார் என்பதுதான் என் போனிலேயே இருக்கிறதே, பார்த்துவிட்டுத்தானே கூப்பிட்டு வந்திருக்கிறீர்கள்.

ஆனால் இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். முதல் மணி காதில் விழுந்ததுமே டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். மணி அடித்து நான் போகாமல் இருந்தேன் என்று ஒருவரும் சொல்ல முடியாது.