வழிகள் பொய் சொல்லாமல் காத்தவருக்கு

வலைக்கு வலை வழி திறந்த வித்தகரே, லுசாக்கா நகரில் எங்கள் இணையச் சந்திப்பு நிலையத்தைத் தாங்கிய தலைவியே, முதிண்டா ஹபீன்சு அம்மையாரே, வணக்கம்.

யாருக்கும் யாரும் அடங்காத நிறுவனங்கள் பல, தத்தம் கம்பிகளோடு வந்து கூடும் இடம் இது. "இந்த முகவரிக்கு என் வழியே வா" என்று ஒன்று சொல்வதை மற்றவை நம்புகின்றன. அந்த நம்பிக்கையில்தான் இணையம் ஓடுகிறது. கால் நூற்றாண்டாக அதற்குக் காவல் நீங்கள். இயந்திர அறையின் குளிருக்குச் சித்தெங்கேத் துணியைப் போர்த்திக்கொண்டு, விடுமுறைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை மாலையில், வழிகாட்டும் ரூட்டரில் கைவைத்து மாற்றம் செய்தவரைப் பெயர் சொல்லித் திட்டும் உங்கள் குரல் எங்களுக்குப் பழகிய சங்கீதம்.

மொன்சே பக்கத்து மருத்துவமனைகளின் இணைப்பு அறுந்த அந்தக் காலையை எப்படி மறப்போம்? அவற்றை இணைக்கும் சிறு நிறுவனத்தின் முகவரிகளை, மிகப் பெரிய நிறுவனம் ஒன்று தவறுதலாகத் தன்னுடையவை என்று அறிவித்துவிட்டது. மொன்சேக்குப் போகவேண்டியதெல்லாம் அங்கே போய் மடிந்தது. ஒரு பிரசவத்துக்கு இரத்தம் கேட்டிருந்தார்கள். பதில் போய்ச் சேரவில்லை. பெரிய நிறுவனத்தை அழைத்தீர்கள். "எங்க பக்கம் எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றார்கள். தயங்காமல் அவர்களுடைய இணைப்பையே துண்டித்தீர்கள். பொய் அறிவிப்பு மறைய, மொன்சே மீண்டது, இரத்தமும் போய்ச் சேர்ந்தது. உங்கள் வேலை போயிற்று என்றே நாங்கள் நினைத்தோம்.

அந்நிறுவனத்தின் மேலாளர் முபிதா புயலாக வந்தார். "ஏம்மா, நாங்க யாருன்னு தெரியுமா?"

"எனக்கு நல்லாத் தெரியும் மச்சான். உங்க ரூட்டருக்குத்தான் தெரியல. காலையிலேர்ந்து தன்னைப் பக்கத்து வீட்டுக்காரன்னு சொல்லிட்டுத் திரியுது."

தோங்காப் பெண்ணின் கேலிக்கு லோசிக்காரர் கோபிக்கக் கூடாது. இரண்டு இனங்களும் ஒன்றையொன்று கேலி செய்துகொள்ளும் மச்சான் முறை நம்முடையது. அவர் திரையைப் பார்த்தார். மொன்சேயின் முகவரிகள் அவருடைய நிறுவனத்தின் பெயரில் நின்றன. "மாடு மேய்க்கிற தோங்காகிட்ட வந்து மாட்டிக்கிட்டேனே" என்று சிரித்தபடி தம் ஆட்களை அழைத்தார். பிழை திருந்தியதும் இணைப்பைத் திறந்துவிட்டு, நிஷிமாச் சோளக் களியும் பொரித்த கபெண்டா மீனும் அவர் முன் வைத்தீர்கள். உரிமையைச் சரிபார்க்காமல் எந்த முகவரி அறிவிப்பையும் ஏற்பதில்லை என்று நீங்கள் கொண்டுவந்த விதிக்கு முதல் கையெழுத்து அவருடையது.

பெரியவர்க்கு அஞ்சாத பெருந்தகையே, சிறியவர்க்குச் சலிக்காத செம்மனத்தாரே, பணி ஓய்வு பெற்றுச் செல்லும் நீங்கள் சோமா ஊரில் கட்டியிருக்கும் புது வீட்டில் நோயின்றி, கவலையின்றி நெடுங்காலம் வாழுங்கள். நாளை எது பழுதானாலும் உங்களை அழைக்க மாட்டோம், நாங்களே பார்த்துக்கொள்வோம். அதுதான் நாங்கள் தரும் பரிசு.

உங்கள் கைபிடித்து வளர்ந்த
நிலையப் பணியாளர்கள்