பாதித் திருமண்

திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் போகும் டவுன் பஸ். எனக்கு முன் இருக்கையில் ஒரு மாமி, மடியில் மருந்துப் பை. பக்கத்தில் அவருடைய பழைய ஆபீஸ் தோழி.

“ஸ்ட்ரோக் வந்ததுலேர்ந்து எங்காத்து மாமா பாதித் திருமண்தான் இட்டுக்கறார்” என்றார் மாமி. நான் போனை மடியில் வைத்துவிட்டேன்.

“பாதின்னா?”

“வலப் பக்கக் கோடும் நடுவுல சிவப்பும் இருக்கும். இடப் பக்கம் வெறும் நெத்தி. கண்ணாடியைப் பார்த்துட்டு, சரியா இருக்குங்கறார்.”

“பார்வை போயிடுச்சுங்களா மாமி?”

“கண்ணுக்கு ஒண்ணுமில்லையாம். மூளையோட மேல் மடிப்புல, வலப் பக்கம் கொஞ்சம் பின்னாடி ஒரு இடம். இடப் பக்கம்னு ஒண்ணு இருக்கறதையே கவனிக்கறது அதுதானாம். அது அடிபட்டுடுத்து. தட்டுல வலது பாதியைச் சாப்டுட்டு, இன்னும் ரெண்டு இட்லி போடுங்கறார். தட்டைத் திருப்பி வெச்சா மீதியையும் சாப்பிடறார்.”

பஸ் காவிரிப் பாலத்தில் ஊர்ந்தது.

“அப்ப நீங்க வலப் பக்கமாவே இருந்துக்கலாமே?”

“கூடாதுன்னுட்டார் டாக்டர். இடப் பக்கமே இருந்து, தொட்டு, பேச்சுக் குடுக்கணுமாம். அப்பத்தான் என்னிக்காவது திரும்புவாராம்.”

“திரும்புறாரா?”

“நேத்து அவரோட இடது கையைப் பிடிச்சுண்டு உக்காந்திருக்கேன். பார்க்க வந்த என் தம்பிகிட்ட கேக்கறார், ‘உங்கக்கா எங்கே, ரொம்ப நேரமாக் காணுமே’ன்னு.”

தோழி மருந்துப் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

“எழுந்து வலப் பக்கம் போய் நின்னா உடனே பார்த்துடுவார். நான் போகலை. ‘இங்கேதான் இருக்கேன்’னு சொல்லிண்டே உக்காந்திருந்தேன்.”