கறுப்புக் கயிறு கட்டிய கல்

ரோஜாவுக்கு வெயில் வேண்டும், பாசிக்கு நிழல் வேண்டும். இரண்டையும் ஒரே தோட்டத்தில் வைத்துக் காப்பாற்றுவது லேசுப்பட்ட வேலையில்லை, சேர். ஹுன்னஸ்கிரிய பங்களாவில் முப்பத்தொரு வருடமாக நான் அதைத்தான் செய்தேன்.

பங்களா இப்போது ஹோட்டல். அந்தக் காலத்துத் துரைசாணி ஒருத்தி, ஜப்பானைப் படத்தில் மட்டும் பார்த்தவள், ரோஜாப் பாத்திகளுக்கு நடுவே கல்விளக்கு வைத்து, பள்ளத்து ஓடைக்கு மேலே சிவப்புப் பாலமும் போட்டிருந்தாள். வெள்ளைக்காரி ஆசைப்பட்ட ஜப்பான். எனக்கு அது உயிர்.

தோட்டத்தைத் திருத்த முதலாளி அகீலா மிஸ்ஸைக் கூட்டிவந்தார். ஜப்பானில் படித்தவர். நல்ல பிள்ளை, இல்லையென்று சொல்லமாட்டேன். என்னையும் கதிரையில் உட்காரவைத்துத்தான் பேசுவார். உருண்டைக் கல்லில் கறுப்புக் கயிற்றைக் குறுக்காகக் கட்டக் கற்றுத்தந்தவரும் அவர்தான். பாதையில் அந்தக் கல் இருந்தால் அந்த வழியே போகக்கூடாது என்று அர்த்தமாம். தினமும் காலையில் பாதைகளைப் பார்த்து, பழுதான இடத்தில் கல்லை வைப்பது என் பொறுப்பானது. நான் வைத்த கல்லை அவர் ஒருநாளும் தாண்டியதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை சொன்னார்: "இது ஜப்பானும் இல்ல, இங்கிலாந்தும் இல்ல அண்ணே. திங்கக்கிழமை ரோசா எல்லாத்தையும் புடுங்கிட்டு பாசி வெப்பம்."

அவ்வளவும் நான் வளர்த்த செடிகள். ஆனாலும் சரியென்று தலையாட்டினேன்.

தோட்டத்தின் அடியில் இருக்கும் குளத்துக்கு இறங்க இரண்டு வழி. ஒன்று கல்படி, மற்றது பாலம். பாலத்தின் பலகைகள் மழையில் உளுத்துப்போனது எனக்கு மட்டுந்தான் தெரியும். ஞாயிறு காலை கல்லைப் படியின் மேல்முனையில் வைத்தேன். ஹோட்டலில் அன்று விருந்தினர் யாரும் இல்லை. வேறு ஒருவருக்கும் ஆபத்து வந்துவிடக்கூடாது என்று அதையும் விசாரித்துக்கொண்டேன்.

அவர் வந்தார். கல்லைப் பார்த்து நின்றார்.

"என்ன பழனியாண்டி அண்ணே, படியால போக ஏலாதா?"

"ஆமாங்க மிஸ், கல்லு ஆடுது. பாலத்தால போங்க."

சிரித்துக்கொண்டே பாலத்துப் பக்கம் திரும்பிப் போனார். கற்றுத்தந்ததை நான் ஒழுங்காகச் செய்கிறேன் என்று சந்தோஷப்பட்டிருப்பார். பாவம்தான்.

சத்தம் கேட்கவில்லை என்று முதலில் உங்களிடம் சொன்னது பொய். கேட்டது. பள்ளத்துக்குள்ளிருந்து "அண்ணே, அண்ணே" என்று அரை மணி நேரம் கூப்பிட்டார். வெட்டவேண்டிய ரோஜாக் கிளைகள் இன்னும் ஒரு பாத்தி இருந்தன. அதை முடித்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். அதற்குள் அடங்கிவிட்டது.

நான் யாரையும் தள்ளிவிடவில்லை, சேர். அதை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள்.