முதலில் போடவேண்டிய ஊசி

எனக்கு லேசாகச் சளி பிடித்திருக்கிறது, அந்த மின்விசிறியைக் கொஞ்சம் குறைத்துவிடுங்களேன். நாற்காலியைப் பின்னால் தள்ள வேண்டாம். நாம் பேசப்போகிற கிருமி இந்நேரம் உங்கள் மூக்கிலேயே சும்மா உட்கார்ந்திருக்கலாம். பலருக்கு அப்படித்தான், அது பாட்டுக்கு இருந்துவிட்டுப் போய்விடும்.

நடந்ததைச் சொல்வதற்கு முன் கொஞ்சம் விளக்க வேண்டும். உங்களைப் பார்த்தால் பள்ளிக்கூடத்தோடு உயிரியலுக்கு முழுக்குப் போட்டவர் மாதிரி தெரிகிறது. பரவாயில்லை, எங்கள் ஆஸ்பத்திரி டாக்டர்களுக்கே நான் அரிச்சுவடியிலிருந்துதான் தொடங்குவேன். ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே செல்கள் இடைவெளி விடாமல் நின்று காவல் காக்கின்றன. கிருமியிடம் ஒரு நஞ்சு உண்டு. அது செல்லின் சவ்வில் ஓட்டை போடும், காவல் குலையும், கிருமி உள்ளே நுழையும். வேடிக்கை என்னவென்றால், நஞ்சில் பெரும்பங்கு கிருமியின் உடம்புக்குள்ளேதான் இருக்கிறது. கிருமி வெடித்தால்தான் மொத்தமாகக் கொட்டும். நாம் போடுகிற ஆன்டிபயாடிக் அதை வெடிக்கவைத்துத்தான் கொல்கிறது. கிருமி ஒழியும், ஆனால் மூளைக்குள் வீக்கம் ஏறும், உள்காது நாசமாகும். அதனால் வீக்கத்தை அடக்கும் ஸ்டீராய்டு ஊசி முதலில், ஆன்டிபயாடிக் அதற்குப் பிறகு. இவ்வளவுதான் விஷயம்.

இது என் தம்பியின் மண்டையில் ஏறவே ஏறாது. குழந்தைகள் வார்டுக்கு அவன்தான் தலைவன். நான் மாடியில் கிருமி ஆய்வகத்துக்கு. நான் வருடக்கணக்கில் உழைத்துச் சேர்த்ததை ஒருநாள் எல்லா டாக்டர்களுக்கும் படம் போட்டுக் காட்டினேன். பாதியில் அவன் எழுந்து, "அண்ணா, சுருக்கமா முடிங்க, கீழ குழந்தைங்க காத்துக்கிட்டிருக்கு" என்றான். அவனுடைய ஜால்ராக்கள் கொல்லென்று சிரித்தார்கள். கடைசிப் படத்தை யாரும் பார்க்கவில்லை. அதுதான் முக்கியமான படம்.

வீட்டிலும் இதே கூத்துதான். கீழே அவன் குடும்பம், மேலே நான் தனியாள். சாப்பாட்டு மேஜையில், "நம்ம அண்ணன் சளியைப் பாத்தே சம்பளம் வாங்கற ஆளு" என்பான். அவன் மனைவி புரையேறச் சிரிப்பாள். இரண்டாம் வகுப்புப் படிக்கிற மகள், வாயாடி, அவளும் சிரிப்பாள். நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள், "அது கிடக்கட்டும் பெரியப்பா, இதைக் கேளுங்க" என்று குறுக்கே விழுவாள். எங்கிருந்து வந்த பழக்கம் என்று சொல்லவும் வேண்டுமா?

மற்ற இடங்களில் மூளைக்காய்ச்சல் என்று சந்தேகம் வந்த உடனேயே ஸ்டீராய்டு போட்டுவிடுகிறார்கள். தம்பி கடைசியில் அரைமனதாக ஒத்துக்கொண்டது ஓர் அரைவேக்காட்டு ஏற்பாடு. முதுகுத்தண்டு நீரை எடுத்து மாடிக்கு அனுப்புவார்கள். இரண்டு ஊசியும் தட்டில் தயாராக இருக்கும். நான் சாயம் ஏற்றிப் பார்த்து, அதே கிருமிதான் என்று போனில் சொன்னால் ஸ்டீராய்டு முதலில். இல்லையென்றால் அதை எடுத்துவைத்துவிட்டு ஆன்டிபயாடிக் மட்டும்.

ஒரு மத்தியானம் கலங்கிய நீரோடு ஒரு குப்பி வந்தது. தம்பி மகளின் பெயர் எழுதியிருந்தது. காய்ச்சல், காதுவலி என்று வீட்டில் படுத்திருந்தவள்தான். பெரிய டாக்டர் அப்பா சாதாரண ஜுரம் என்று விட்டிருந்தார்.

போன் அடித்தது. "அண்ணா, கொஞ்சம் சீக்கிரம் பாருங்கண்ணா. கழுத்து வெறச்சுப் போச்சு. என்னையே யாருன்னு தெரியாம பாக்கறா."

"உறுதியா சொல்ல முடியல. நீயே மேல வந்து பாரேன்" என்றேன்.

"எனக்கு அதெல்லாம் பாக்கத் தெரியாதுண்ணா. நீங்க சொன்னா போதும்."

நான் சொன்னால் போதுமாம். அந்த அலட்சியத்தைக் கவனித்தீர்களா? ஒரு மாடிப்படி ஏறி வர முடியவில்லை துரைக்கு. வந்திருந்தால் காட்டியிருப்பேன், விளக்கியிருப்பேன். கொஞ்சம் காத்திருந்து பார்த்தேன்.

"அந்தக் கிருமி இல்லை" என்றேன். "ஸ்டீராய்டை எடுத்து வெச்சிடுங்க சிஸ்டர்" என்று அவன் சொல்வது போனிலேயே கேட்டது. நான் கையைக் கழுவிக்கொண்டு சாப்பிடப் போனேன்.

மறுநாள் கிருமி வளர்ந்து, எது என்று எல்லோருக்கும் தெரிந்தபோது, நான் தவறவிட்டேன் என்று நினைத்துக்கொண்டார்கள். போன வாரம் சாயம் ஏற்றிய பழைய கண்ணாடித் தகடுகளை அடுக்கிய என் உதவியாளர், அன்றைய தகட்டை நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, "சார், இவ்வளவு தெளிவா இருக்கே, எப்படி விட்டீங்க?" என்றாள். பிறகு உங்களிடம் வந்து புகார் கொடுத்தாள். தம்பியும் வந்தானாமே. அண்ணனுக்கு வயசாச்சு, கண்ணு ஏமாத்தியிருக்கும், பெருசு பண்ணாதீங்க என்று அழுதானாமே.

எனக்குப் பரிந்து பேச அவன் யார்? என் கண்ணுக்கு ஒரு கோளாறும் இல்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். நுண்ணோக்கியில் கண்ணை வைத்ததுமே தெரிந்துவிட்டது. ஊதா நிறத்தில், இரண்டிரண்டாக, ஒரு பட்டாளமே இருந்தது. பயிற்சிக்கு வந்த மாணவன்கூடத் தவறவிட மாட்டான். மருந்து சரியான மருந்து, உயிர் போகாது என்று கணக்குப் போட்டேன். காது போகும் என்றும் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

என் கணக்கு பிசகவில்லை. உயிர் தப்பிவிட்டது, இரண்டு காதும் போய்விட்டன. உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளப் பழக்குகிறார்கள். நேற்று வீட்டில் அவளாகவே மாடிக்கு வந்து என் எதிரே உட்கார்ந்தாள். அந்த நஞ்சு எப்படி வேலை செய்கிறது என்று முதலிலிருந்து கடைசிவரை நிதானமாகச் சொன்னேன். குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை, என் முகத்திலிருந்து பார்வையை எடுக்கவில்லை. நல்ல குழந்தை. தம்பியிடம் சொல்லி, இனி அவள் படிப்பை நானே கவனித்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன்.