ஒரு காது மட்டும் குத்திய வியாழக்கிழமை

சனிக்கிழமை. காலை ஆறு பத்து. ஓடிக்கொண்டிருக்கிறேன். இடுப்பில் மகள். பதினொரு மாதம். கையில் பால்மா டின். ஏன் எடுத்தேன் என்று தெரியாது. உள்ளே ஒன்றுமில்லை.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் 'டும்' என்று கேட்கிறது. எண்ணுகிறேன். பதினொன்றில் விழுகிறது. முதலாவது செல் குண்டு வயலுக்குள். இரண்டாவது எங்கள் கிணற்றடியில். மூன்றாவதுக்கு நான் எண்ணவில்லை.

"படுங்க! படுங்க!"

கத்துவது என் கணவர் தாசன். படுக்கிறேன். வாய்க்குள் மண். மகள் அழவில்லை. அவளுடைய இடது காதில் புதுத் தோடு. வலது காதில் ஒன்றும் இல்லை. குத்தி இரண்டு நாள்தான். காது இன்னும் சிவந்திருக்கிறது.

செல் அடிப்பவர்கள் என் அண்ணனின் ஆட்கள். அண்ணன் பெயர் குலம். பழிக்கு அடிக்கிறார்கள். அந்தப் பழிக்குள் நானும் இருக்கிறேன். இருபது வருடத்துக்கு மேல் இதை ஒருவரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். இப்போது டென்மார்க்கில், விபோர்க்கில், என் குசினி மேசையில் இருந்து எழுதுகிறேன்.

அண்ணனும் தாசனும் ஒரே இயக்கம். ஒரே கோப்பையில் சாப்பிட்டவர்கள். தாசனை எனக்குக் கலியாணம் பேசி வந்ததே அண்ணன்தான். பிறகு இயக்கத்தின் மேலே இருந்த இரண்டு பேருக்குள் யார் பெரியவர் என்ற போட்டி வந்தது. மேலே அவர்கள் முறைத்துக்கொண்டார்கள். கீழே எங்கள் ஆறு எல்லையாகிவிட்டது. அந்தக் கரை அண்ணனுக்கு. இந்தக் கரை தாசனுக்கு. ஆற்றில் குளித்த பிள்ளைகள் இரண்டு பக்கமும் துவக்கோடு நின்றார்கள்.

நான் இரண்டு தரம் தோணியில் போனேன். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு. சுடுகிறவன் பிள்ளையைக் கண்டால் யோசிப்பான் என்று நினைத்தேன். அண்ணனிடம் அழுதேன். தாசனிடம் சண்டை பிடித்தேன். தாசன் பிடித்து வைத்திருந்த அண்ணனின் ஆட்கள் ஆறு பேரை விட்டார். அண்ணன் இரண்டு படகைத் திருப்பிக் கொடுத்தார். ஒரு கிழமை வெடிச் சத்தம் இல்லை. பெரிய ஆள் மாதிரி நடந்து திரிந்தேன். சமாதானம் என் கையால் வந்தது என்று நினைத்தேன். என்ன மடைச்சி நான்.

அந்தக் கிழமைதான் தாசன் காதுகுத்துக் கதையை எடுத்தார். பதினோராம் மாதம் முடியப் போகிறது, இனியும் தள்ளக்கூடாது என்றார். எங்கள் பக்கத்தில் பிள்ளையைத் தாய்மாமன்தான் மடியில் வைத்திருக்கவேண்டும். வேறு ஆள் இருக்க முடியாது.

"மச்சான் இல்லாமக் காது குத்தேலுமா? நீ எழுது. நீ கூப்பிட்டா வருவான்."

எழுதினேன். அரைத் தாளில். மருமகளுக்கு வியாழன் காதுகுத்து, நீங்கள் வராமல் குத்த மாட்டோம், வீட்டில் ஒரு பயமும் இல்லை. கையெழுத்தும் வைத்தேன். எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குத்தான் வரும். அது என் வீடு. அண்ணன் பிறந்த வீடு. அதற்குள் அவர்களுடைய பகை நுழையாது என்று நம்பினேன். அண்ணனும் அதை நம்பித்தான் வந்தார்.

வியாழன், ஒன்பதரை. தனியாக வருகிறார். வெள்ளைச் சேட்டு. ஆயுதம் இல்லை. மருமகளுக்கு மஞ்சள் சட்டையும் ஒரு சோடித் தோடும் கொண்டு வந்திருக்கிறார். பிள்ளையை மடியில் இருத்துகிறார். ஒரு தோட்டைத் தட்டாரிடம் கொடுக்கிறார். மற்றதை உள்ளங்கையில் வைத்திருக்கிறார். தட்டார் இடது காதைக் குத்துகிறார். பிள்ளை வீரிட்டு அழுகிறாள். அண்ணன் சிரிக்கிறார். அவருடைய கண்ணும் கலங்கியிருக்கிறது.

அப்போது வாகனச் சத்தம். டீசல் இஞ்சின். வாசல் படலையில் நிற்கிறது. ஐந்து பேர் இறங்குகிறார்கள்.

நான் தாசனைப் பார்த்தேன். அவர் கிணற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அண்ணன் ஓடியிருக்கலாம். பின்பக்கம் வேலிதான். ஆனால் மடியில் பிள்ளை. எழும்பினால் விழுந்துவிடுவாள். அவசரப்படாமல் அவளைத் தூக்கி என்னிடம் தந்தார். என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் கேட்டார். உனக்குத் தெரிந்துதான் எழுதினாயா, தங்கச்சி? என் வாயில் ஒரு சொல் வரவில்லை. இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் வேண்டும்? அதற்குள் கொண்டுபோய்விட்டார்கள். மற்றத் தோடு அவருடைய கைக்குள்ளேயே போனது.

வெள்ளி மத்தியானம் தாசன் சோற்றுக்கு முன்னால் இருந்து மெல்லச் சொன்னார்.

"உயிரோட வச்சிருப்பம் எண்டுதான் சொன்னாங்க."

அண்ணனைக் கொடுத்தால் கரை முழுவதும் உன் பொறுப்பு என்றும் மேலே இருந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். அதை அவர் சொல்லவில்லை. பிறகு ஊர் சொன்னது. நான் எழும்பிப் போனேன். பின்னேரம் செய்தி வந்தது. அண்ணனின் உடலைச் சந்தி மதகடியில் போட்டிருந்தார்கள். போய்ப் பார்க்க விடவில்லை.

சனிக்கிழமை செல் வந்தது.

ஊரின் மற்றப் பக்கத்து வாவிக்கரைக்கு வந்துவிட்டோம். ஒரு தோணி. தாசன் எங்களை ஏற்றுகிறார். இடுப்பளவு தண்ணீரில் நின்று தள்ளுகிறார். வியாழக்கிழமையில் இருந்து நான் அவரோடு ஒரு சொல் கதைக்கவில்லை. இப்போதும் கதைக்கவில்லை.

"குனி! புள்ளைய மூடு!"

குனிந்தேன். மூடினேன். காது அடைத்துப்போனது. நிமிர்ந்தபோது தோணி தானாகப் போய்க்கொண்டிருந்தது. அவர் தண்ணீரில் குப்புறக் கிடந்தார். கத்தி அழுதேன். அழுததற்கு இன்றைக்கும் வெட்கம். அழாமல் இருந்திருந்தால் அதற்கும் வெட்கப்பட்டிருப்பேன்.

மகளின் பெயர் துளசி. ஓகூஸ் பல்கலைக்கழகத்தில் பழைய ரோமாபுரிச் சரித்திரம் படிக்கிறாள். இரண்டாயிரம் வருடத்துக்கு முன் செத்தவர்களுக்காக மூக்கைச் சிந்துவாள். தான் குடித்த கோப்பையைக் கழுவமாட்டாள். போன மாதம் வாய்மொழிப் பரீட்சைக்குப் படிக்க வீட்டுக்கு வந்தாள். நான் முதியோர் இல்லத்தில் காலை வேலை முடித்து வந்து மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தேன். என்னை வாத்தியாராக வைத்து ஒப்புவித்தாள். பாதி டேனிஷ், பாதி தமிழ்.

ரோமாபுரியை ஒக்டேவியனும் அன்ரனியும் பங்கு போட்டார்களாம். இருவருக்கும் முழுவதும் வேண்டுமாம். சமாதானத்துக்காக ஒக்டேவியன் தன் சகோதரியை அன்ரனிக்குக் கட்டிக் கொடுத்தான். அவள் பெயர் ஒக்டேவியா. திரும்பவும் முறுகல் வந்தபோது அவள் இடையில் போய் நின்று கெஞ்சினாள். ஒருவன் கப்பல் கொடுத்தான், மற்றவன் படை தருவதாகச் சொன்னான். கொஞ்ச வருடம் போனது. பிறகு ஒருவரையொருவர் கடலில் அடித்தார்கள். தோற்ற அன்ரனி தன்னையே குத்திச் செத்தான். அவனுடைய பிள்ளைகளை, எகிப்து ராணிக்குப் பிறந்ததுகளையும் சேர்த்து, ஒக்டேவியாதான் வளர்த்தாள்.

என் கத்தி நின்றுவிட்டது. துளசி கவனிக்கவில்லை.

"அவவைப் பற்றி ஆம்பிளையள்தான் எழுதியிருக்கினம் அம்மா. நல்லவ எண்டு. அவ எழுதினது ஒரு வரியும் இல்லை. அவ என்ன நினைச்சா எண்டு ஒருத்தருக்கும் தெரியாது."

துளசிக்கு நான் சொல்லி வைத்திருந்தது வேறு. அப்பாவும் மாமாவும் ஒரே கிழமையில் செல் பட்டுச் செத்தார்கள். வலது காது ஏன் பிறகு குத்தியது என்று கேட்டபோதெல்லாம், ஓடும்போது நேரம் இல்லை என்றேன். வலது காதை இங்கே ஒரு கடையில் ஏழு வயதில் குத்தினோம். ஓட்டை கொஞ்சம் மேலே போய்விட்டது. எந்தத் தோடு போட்டாலும் கோணலாகத்தான் நிற்கும்.

அன்றைக்குச் சொன்னேன். கடிதம், கிணறு, டீசல் சத்தம், எல்லாம். சாம்பார் வைக்கவில்லை. அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கேட்டாள். பிறகு அறைக்குள் போய், சுவரில் இருந்த தகப்பனின் படத்தைக் கழற்றிக்கொண்டு வந்து மேசையில் வைத்தாள்.

"இவரை நான் என்ன செய்யிறது அம்மா?"

"எனக்கும் தெரியாது மகள்."

படம் அன்றிலிருந்து மேசையில்தான் கிடக்கிறது. கவிழ்த்தும் வைக்கவில்லை. மாட்டவும் இல்லை. துளசி போகும்போது ஒரு வெற்றுக் கொப்பியைத் தந்துவிட்டுப் போனாள். நீங்களாவது எழுதுங்க என்றாள். எழுதிவிட்டேன். இனித் தொலைந்தவற்றின் கணக்கு.

என் அண்ணன் குலம். முப்பத்திரண்டு வயது. என் கணவர் தாசன். இருபத்தொன்பது. வாவிக்கரையில் எங்களோடு ஓடி வந்தவர்களில் நான்கு பேர். தட்டாரும் அதில் ஒருவர். விடுவித்த ஆறு பேரில் ஐந்து பேர், அந்த மாதம் முடியமுன். அம்மா எனக்குத் தந்த வீடு. மஞ்சள் சட்டை, ஒரு நாளும் போடாதது. ஒரு தோடு.

என் மகளின் தகப்பன், இரண்டாம் தரமும். இந்த முறை நான் கொன்றேன்.

ஒரு பதில். அதையும் தொலைந்தவற்றோடு சேர்க்கிறேன், கேட்டவர் இல்லை என்பதால். இல்லை அண்ணா. எனக்குத் தெரியாது. பிள்ளைக்குக் காது குத்தத்தான் கூப்பிட்டேன்.